ஆர்டர் வராத கரும்பு

குருவிநத்தத்தில் நாங்கள் குத்தகைக்குப் பயிரிட்ட அரைக் காணி கரும்பில் ஒரு பங்கை, ஆலையிலிருந்து ஆர்டர் வருவதற்கு முன்பே நான் வெட்டிச் சாய்த்துவிட்டேன். எழுபதுகளில் ஒரு மாசி மாதம். எனக்குப் பதினாறு வயது.

கரும்பு வைக்காதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஆலையில் பதிந்துவிட்ட கரும்பை நாம் நினைத்த நாளில் வெட்ட முடியாது. நட்ட தேதியைப் பார்த்து அவர்கள் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதுதான் ஆர்டர். சீட்டு வந்த பிறகு வெட்டினால் லாரி வரும். வராமல் வெட்டினால் எந்த லாரியும் ஏற்றாது. கரும்பு வெயிலில் கிடந்து நாளுக்கு நாள் எடை இறங்கும். எங்கள் ஊரில் பால் குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

தெரிந்தும் வெட்டியதற்குக் காரணம் ஒரு கிண்டல். பக்கத்துக் கொல்லைக்காரர் எங்களுக்குப் பிறகு நட்டவர். எப்படியோ அவருக்கு எங்களுக்கு முன்னால் ஆர்டர் வந்துவிட்டது. வரப்பில் நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டே, "இன்னாடா, உங்க கரும்பு கருவாடா காஞ்ச பொறவுதான் வெட்டுவீங்களா?" என்று கேட்டார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அம்மா தன் அக்காள் வீட்டுக் காதுகுத்துக்காக வில்லியனூர் போயிருந்தாள். அப்பா செத்து நாலு வருஷம். தடுக்க ஆள் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம். கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். கூட்டாளிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். அவர்கள் முதல் நாள் மதியமே கை கொப்பளித்துவிட்டது என்று ஓடிவிட்டார்கள். நான் மறுநாள் பொழுது சாயும் வரை வெட்டினேன். ஆற்றுப் பக்கத்து ஓரம் முழுக்க அரை லாரி அளவுக்குக் கரும்பு படுத்துக் கிடந்தது. ஒவ்வொரு கரும்பையும் அடிவரை தாழ வெட்டி, சோகை என்கிற காய்ந்த இலையைக் கழித்து, நுனியில் இருக்கும் கொழுந்தாடையைச் சீவி ஒழுங்காகத்தான் அடுக்கியிருந்தேன். வேலையில் குறை சொல்ல முடியாது.

அந்த வயதில் நான் செய்ததெல்லாம் இப்படித்தான். ஒன்பதாவது படிக்கும்போது வாத்தியார் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். ஏறினேன், ஏறின வேகத்திலேயே ஜன்னல் வழியாக வெளியே குதித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். படிப்பு அங்கேயே நின்றது. அதன் பிறகு சைக்கிள் கடையில் பன்னிரண்டு நாள், செங்கல் சூளையில் மூன்று வாரம். ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒரு சொல் சொல்வார்கள், நான் கிளம்பிவிடுவேன். செய்யலாமா கூடாதா என்ற கேள்வி எனக்கும் வரும். ஆனால் காரியம் முடிந்து கால் மணி நேரம் கழித்துத்தான் வரும்.

வெட்டி முடித்த மறுநாள் காலையில் அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்தாள். அடிக்கவில்லை. ஒரு கரும்பைத் தூக்கி எடை பார்க்கிறவள் போலக் கையில் வைத்துக்கொண்டு, "வெட்டுனவன் நீ. நீயே போயி ஃபீல்டுமேன்கிட்ட சொல்லு. அங்க போயி வாய நீட்டுன, நிக்கிற கரும்பும் போயிடும்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. ஆர்டர் சீட்டெல்லாம் ஆலையின் ஆளான ஃபீல்டுமேன் கையில்தான். மீறி வெட்டியவன் என்று அவருக்குக் கோபம் வந்தால், நிற்கிற கரும்பைப் பருவத்தின் கடைசியில் தள்ளிவிடுவார். அதற்குள் பூத்து, உள்ளே சக்கையாகிவிடும். அந்தக் கரும்பு ஆலைக்குப் போய்க் குத்தகைப் பணம் கட்டினால்தான் அடுத்த வருஷம் நிலம் எங்கள் கையில் இருக்கும். இல்லாவிட்டால் அம்மா மறுபடியும் கூலிக்கு நாற்று நடப் போக வேண்டும்.

நான் நேராக பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஃபீல்டுமேனைப் பார்க்க அல்ல, ஊரை விட்டு ஓட. கடலூர் பஸ் வந்து நின்றது. நான் கொல்லையிலிருந்து கிளம்பும்போது அம்மா, வெட்டின கரும்பின் மேல் சோகையைப் பரப்பி, குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து தெளித்துக்கொண்டிருந்தாள், எடை சீக்கிரம் இறங்காமல் இருக்க. தூரத்து வாய்க்காலிலிருந்து எத்தனை குடம் சுமப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே பஸ் போய்விட்டது. நான் ஃபீல்டுமேன் ஆபீஸ் இருக்கும் பாகூருக்கு நடந்தேன்.

அன்று ஃபீல்டுமேன் இல்லை. மறுநாள் இருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், சுற்றி நின்ற விவசாயிகளைப் பார்த்து, "ஆர்டர் குடுக்கறவரு வந்திருக்காரு, எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயே வெட்டிக்கின இல்ல? நீயே தலையில வச்சிக் கொண்டும்போய் ஆலையில போடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

காது இரண்டும் சூடாகிவிட்டன. அவருடைய மேஜையில் மைக்கூடு ஒன்று இருந்தது. என் கை அதை எடுக்கப் போகிறது என்று எனக்கே தெரிந்தது. அதற்கு முன்னால் ஒருபோதும் அப்படித் தெரிந்ததில்லை. என்ன செய்வது என்று புரியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்துவிட்டால் அடிப்பதற்கு முதலில் எழ வேண்டும். அந்த ஒரு வேலை நடுவில் கிடைத்தது.

"இன்னாடா, உக்காந்துக்கின?" என்றார் அவர்.

"நின்னா எதனா தப்பா பண்ணிடுவேன் சார். அதான்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஃபீல்டுமேன் மற்றவர்கள் வேலையை முடித்து அனுப்பினார். நான் தரையிலேயே இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போதுதான் என்னிடம் பேசினார். பக்கத்துக் கொல்லைக்காரருக்குக் கடைசி லோடு பாதிதான் தேறுமாம். அவர் சம்மதித்தால் அவர் பேரில் எங்கள் கரும்பையும் ஏற்றலாம், தான் கண்டுகொள்ள மாட்டேன் என்றார். நிற்கிற கரும்புக்கு முறைப்படி ஆர்டர் வரும், அதுவரை கத்தியைத் தொடக்கூடாது என்றும் சொன்னார்.

ஆக, யார் சொன்ன வார்த்தைக்காக வெட்டினேனோ அவரிடமே போய் நிற்க வேண்டியதாயிற்று. குருவிநத்தம் வந்து சேரும் வரை வழியெல்லாம் அவரிடம் சொல்ல நல்ல நல்ல வசவுகளாகத் தோன்றிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் மனசுக்குள் முழுதாகத் திட்டி முடித்தேன். அவர் முன்னால் போனபோது திட்டுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. "மாமா, ஒரு ஒதவி" என்றேன்.

அவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சும்மா வெளையாட்டுக்குக் கேட்டன்டா. அதுக்குப் போயி நீ வெட்டுவேன்னு நான் இன்னாத்தக் கண்டேன்?" என்றார். தனக்கு ஆள் குறைவதால் இரண்டு நாள் வந்து வெட்டிக் கொடுக்கச் சொன்னார். வெட்டிக் கொடுத்தேன். நான் வெட்டிப் போட்ட ஆறாம் நாள் எங்கள் கரும்பு அவருடைய லாரியில் போனது. எடை குறைந்துதான் இருந்தது; ஆனால் போனது.

நிற்கிற கரும்புக்கு ஆர்டர் வர இன்னும் பதினெட்டு நாள் ஆயிற்று. அம்மா கத்தியைச் சாக்கில் சுற்றிக் கூரை இடுக்கில் செருகி வைத்திருந்தாள். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். தினமும் காலையில் வெறும் கையோடு கொல்லைக்குப் போய் வரப்பைச் சுற்றிவிட்டு வருவேன். முதல் நாலைந்து நாள் கஷ்டமாக இருந்தது. பிறகு அவ்வளவு இல்லை. என் கை என் பேச்சைக் கேட்கிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

அதன் பிறகும் நான் சாதுவாகிவிடவில்லை. பல ஊர் பார்த்திருக்கிறேன். சில ஊர்களை விட்டு அவசரமாகக் கிளம்பவும் நேர்ந்திருக்கிறது. கோபம் வந்தால் உட்கார இடம் தேடுவேன். கிடைத்த இடத்திலெல்லாம் பிழைத்தேன். இப்போது ஏதாவது ஒரு பையன் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பயம் வருவதில்லை. அவனுக்கும் உட்காரும் புத்தி ஒரு நாள் வந்துசேரும் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வருஷமும் நிலம் எங்களிடமே இருந்தது. வெட்டின கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்த்தது. நான் முந்தி வெட்டிய ஓரத்தில் மட்டும் முழங்கால் உயரம் வந்துவிட்டது. மற்ற இடத்தில் விரல் உயரம்தான். வரப்பில் போகிறவர்கள் நின்று, அந்தப் பக்கம் மட்டும் என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டார்கள். "எம் புள்ளயோட அவசரம்" என்று அம்மா சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நான் களை பிடுங்கிக்கொண்டிருப்பேன். அந்தப் பயிர் விளையும் வரை பத்து மாதம் ஒரே வேலையில் நிலைத்து இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.