செவப்பை அமுத்து

முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் அடுப்பு, இரண்டுக்கும் நடுவே நாலு வயதுக் குட்டி. காஜாக்காரியின் உலகம் இவ்வளவுதான். ஊரார் போடும் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைப்பதால் வந்த பெயர் அது. புருஷன் லாரியோடு போனால் வாரக்கணக்கில் தலையைக் காட்ட மாட்டான். குட்டியை யார் பார்ப்பது? போன்தான் பார்த்தது. மிட்டாய் உடைக்கும் விளையாட்டைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை இருக்கிற இடமே தெரியாது. பிள்ளை வளர்ப்பில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளுக்கு நினைப்பு வேறு.

தொல்லை என்றால் காண்ட்ராக்டர்தான். சட்டை முடிந்ததா, முடிந்ததா என்று போனிலேயே உயிரை வாங்குவான். எடுத்தால் வசவு. அடிக்க விட்டால் குட்டியின் விளையாட்டு நின்றுபோய் வீடு இரண்டுபட்டுவிடும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள் மகராசி. புருஷன் கூப்பிட்டால் திரையில் அவன் போட்டோ வரும்; காண்ட்ராக்டர் என்றால் முகமில்லாத சாம்பல் நிறத் தலை ஒன்று வரும். எழுத்து தெரியாத பிள்ளைக்கு அது போதாதா?

"மொட்டை வந்தா என்ன பண்ணணும்?"

"செவப்பை அமுத்தணும்!"

"என் சமத்து!"

அமுத்தியதற்கெல்லாம் ஒரு முத்தம். குட்டி கன்னத்தை நீட்டிக்கொண்டே ஓடி வரும்.

கல்யாணம் பிடிக்காமல் அவளைத் தலைமுழுகிய அப்பா, வெகுதூரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவளை வரவே கூடாது என்றவர், ஆபரேஷன் அன்று காலையில்தான் மனம் இளகினார்.

"உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட பேசணுமாம். போனைக் கையிலயே வச்சுக்க," என்றான் அண்ணன் போனில். பிழைப்பது கஷ்டம் என்பதையும் சொன்னான்.

போனை மடியில் வைத்துக்கொண்டே தைத்தாள். குட்டி தரையில் புரண்டு அழுதது, மெஷின் வயரைப் பிடித்து இழுத்தது. கடைசியில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தா, தொலை. மாமா கூப்பிட்டா உடனே கொண்டா," என்று கொடுத்துவிட்டு மெஷினை ஓட்டினாள். அண்ணன் நம்பருக்குப் போட்டோ வைக்கவில்லை என்பது அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவே இல்லை.

சட்டைக் கட்டு முடிந்து நிமிர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது.

"மாமா கூப்பிட்டாங்களா?"

"இல்லம்மா. மொட்டைதான் வந்துச்சு. வந்துகிட்டே இருந்துச்சு."

போனைப் பிடுங்கி அண்ணனை அழைத்தாள்.

"இப்ப எதுக்குக் கூப்பிடற?" அவன் குரலில் கோபம்கூட இல்லை. "ஆபரேஷன் பாதியிலயே போய்ட்டாரு. போனை அவர் கையிலதான் குடுத்திருந்தேன். நீ கட் பண்ணப் பண்ண அவரேதான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாரு. 'விடுடா, என் பொண்ணுல்ல, ரோஷம் இருக்கத்தான் செய்யும்'னு சொல்லிட்டு உள்ள போனாரு."

"நான் இல்லண்ணா! குட்டிதான்..."

"புள்ள மேல பழி போடாத." போனை வைத்துவிட்டான்.

குட்டி ஓடி வந்தது. "அம்மா, ஒண்ணுகூட விடல. எல்லாத்தையும் அமுத்திட்டேன்," என்று கன்னத்தை நீட்டியது.

நீட்டிய கன்னத்திலேயே அறை விழுந்தது. குட்டி சுவரில் மோதி நின்றது. எதற்கு அடி என்று அதற்கு விளங்கவில்லை. அம்மா முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தேம்பிக்கொண்டே சொன்னது:

"இனிமே இன்னும் சீக்கிரமா அமுத்தறேம்மா."