நாய் மிதித்த செங்கல்

செஞ்சிக் கோட்டைக்குக் கீழே, மண்ணுக்குள் கிடந்த ஒரு பழைய வீட்டைக் கண்டுபிடித்தவன் நான்தான்.

பொய். இதைச் சிங்கவரம் பஸ்ஸில் இரண்டு பேரிடமும், மேல்மலையனூர் அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே ஒருவரிடமும் சொல்லியிருக்கிறேன். படிக்கட்டுக்காரர் மட்டும் நம்பினார். காற்றில் அவருக்குப் பாதிதான் காதில் விழுந்திருக்கும். கண்டுபிடித்தவர் எங்கள் மேடம். அவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அதில் பாதியை வெட்டிக் கொட்டியவன் நான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை; இதைக் கிறுக்குகிற அளவுக்கு எழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் கடலைக்கொல்லை, ஏரி வேலை, கிணறு தூர் வாருவது என்று எல்லாம் மண்ணோடுதான். ஆகவே கோட்டை மதிலுக்கு வெளியே இருக்கிற மேட்டைத் தொல்லியல் துறையில் தோண்டப் போகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நம்மைவிட்டால் யார் என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். என் பெண்சாதியும் கூட வந்தாள். அவளைச் சல்லடை பக்கம் அனுப்பிவிட்டார்கள். என் கையில் குழந்தை விளையாடுகிற அளவுக்கு ஒரு கரண்டியும், பெயின்ட் அடிக்கிற பிரஷ் ஒன்றும் கொடுத்தார்கள்.

"இன்னா மேடம், மலைக்கு வெள்ளையடிக்கணுமா?" என்று கேட்டேன்.

வேலைக்கு வந்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். தோண்டுகிற வேலைக்குத் தலைமை அவர். தெற்கத்திப் பக்கம். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் இந்த மண்மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் அவர்கள் முடியாது என்று சொல்ல, நான்காவது தடவை வாங்கிக்கொண்டு வந்தவர். எங்கள் ஊரில் ரேஷன் கார்டுக்கே அத்தனை தடவை யாரும் எழுதுவதில்லை.

அந்த வேலையைப் பற்றி எனக்கு ஒன்று மட்டும் இன்றுவரை புரியவில்லை. மண்ணிலிருந்து தங்கம் வரும் என்று நான் காத்திருந்தேன். வந்தது ஓட்டாஞ்சில்லு, உடைந்த பீங்கான், சுட்ட மண்ணில் செய்த புகைக்குழல் ஒன்றின் தலை, ஆட்டு எலும்பு. எலும்பு வந்தால் மேடத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எலும்பைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை நான் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில்கூடப் பார்த்ததில்லை. டீக்கடையில் தினமும் ஒருவர், "இன்னாப்பா, பொதையல் வந்துச்சா?" என்று கேட்பார். "வந்துச்சுண்ணா, ஆனா சொல்லக் கூடாதுன்னு ஆர்டர்" என்பேன். எனக்கு மட்டும் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழி. மார்பளவு ஆழம். நடுவில் கைமுழம் அகலத்துக்கு மண்ணை வெட்டாமல் அப்படியே சுவர் மாதிரி விட்டு வைத்திருந்தார்கள். அந்தச் சுவரில் மேலே கருப்பு மண், அதற்குக் கீழே செம்மண், அப்புறம் விரல் தடிமனில் ஒரு சாம்பல் கோடு, அதற்கும் கீழே பழுப்பு மண் என்று அடுக்கு அடுக்காகத் தெரியும். எந்தப் பொருள் எந்தக் காலத்தது என்பதை அந்த அடுக்கை வைத்துத்தான் சொல்வார்களாம். இதை மேடம் எல்லாரையும் நிற்க வைத்து, "இந்தச் சுவர் மேல யாரும் காலைக்கூட வைக்காதீங்க" என்று ஒரு நாள் பாடமே எடுத்திருக்கிறார். அன்றைக்கு அமாவாசை. நான் மேல்மலையனூர் கோயில் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

சாம்பல் கோட்டுக்குக் கீழே ஒரு காலத்தில் ஜனங்கள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள் என்பது மேடத்தின் கணக்கு. அதெல்லாம் இல்லை, மதில் கட்டும்போது எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய மண், அதில் கலந்து வந்த செங்கல் துண்டு என்பது சென்னையில் இருக்கிற பெரிய அதிகாரியின் கணக்கு. திங்கட்கிழமை அவர் நேரில் வந்து அந்தச் சுவரைப் பார்ப்பார். சுவர் மேடம் சொல்வதைச் சொன்னால் மேலே தோண்டலாம். இல்லாவிட்டால் குழியை மூடிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். மேடத்துக்கு இன்னொரு தடவை அனுமதி கிடைக்காது.

சனிக்கிழமை மேடம் டேப் வைத்து அந்தச் சுவரை நீளம், அகலம், உயரம் என்று அளந்து நோட்டில் எழுதினார். அதைப் பார்த்தவுடன் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏரி வேலையில் இப்படித்தான். எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்று காட்ட, குழிக்கு நடுவில் ஒரு மண்திட்டை விட்டு வைப்போம். வந்து அளப்பார்கள். அளந்து எழுதியதும் திட்டை வெட்டித் தள்ளிவிட வேண்டும். தள்ளாமல் விட்டால் மேஸ்திரி நம் பரம்பரையையே இழுத்துப் பேசுவார். போகும்போது மேடம், "திங்கக்கிழமை பெரியவர் வர்றார், இடம் சுத்தமா இருக்கணும்" என்று வேறு சொன்னார். பாவம், தென்னாட்டுப் பெண், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே போய்விட்டேன். வாட்ச்மேன் சைக்கிளில் டீ குடிக்கப் போயிருந்தார். இருந்திருந்தாலும் என்னைத் தடுத்திருக்க மாட்டார். என் முகத்தில் அத்தனை கடமை உணர்ச்சி. பாதைப் பக்கத்து முனையில் ஆரம்பித்து மேலிருந்து கீழாக வெட்டினேன். கீழே வர வர மண் இறுகிக்கொண்டே போனது. சாம்பலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தபோது மண்வெட்டி 'டங்' என்றது. கல் என்று நினைத்து ஒரு போடு போட்டேன். பாதி கல் மண்ணோடு கழன்று வந்தது. வாய் மழுங்கிவிட்டது, மண்வெட்டிக்குச் சொல்கிறேன். பசியும் எடுத்தது. மூன்றடிச் சுவர்தான் பாக்கி, அது தோண்டாத நிலத்தோடு ஒட்டி நின்றது, சாப்பிட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று பீடி ஒன்று பற்றவைத்தேன். பிரஷ்ஷை எடுத்து வெட்டிய இடத்தைப் பெருக்கியும் வைத்தேன்.

மேடம் வந்தார். தோளில் பலகை, கையில் நூலும் தூக்குக் குண்டும். அன்றைக்குத்தான் அந்தச் சுவரைப் பார்த்து அடுக்கு அடுக்காகப் படம் வரையப் போகிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் பலகையைக் கீழே வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்காமலே மூடினார்.

"யாருண்ணே இதைச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். நானேதான்."

"நீங்களேவா?"

"ஆமா மேடம். லீவு நாள் கணக்குல எழுத வேணாம். சும்மா ஒரு ஒத்தாசை."

அவர் அப்படியே மண்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குப் பழக்கம். இவர் திட்டவில்லை. அந்தச் சுவர் என்ன, அதில் என்ன இருந்தது, நாளைக்கு எதைக் காட்டுவதாக இருந்தார் என்று மெதுவாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். சொல்லச் சொல்ல என் பல் ஒவ்வொன்றாக உள்ளே போனது.

அந்த நேரம் பார்த்து என் பெண்சாதி தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாய்யா பண்ணித் தொலச்ச? மேடம் மொகம் ஏன் இப்டி இருக்குது?"

"சுத்தம் பண்ணேன்."

"ஊட்ல ஒரு நாளாவது தொடப்பத்தத் தொட்டிருப்பியா நீ? இங்க வந்துதான் ஒனக்கு சுத்தம் வருதா?"

நான் எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். "மேடம், எரும மாடு பூந்து மிதிச்சிடுச்சின்னு சொல்லிடலாம்."

"சொல்லட்டும் மேடம்" என்றாள் அவள். "அதுல ஒண்ணும் பொய் இல்லியே. எருமதான வெட்டுச்சு."

மேடம் சிரித்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது. சிரித்து முடித்ததும் தலையை ஆட்டினார்.

"இல்லண்ணே. வெட்டுனதை வெட்டுனதுன்னுதான் நோட்டுல எழுதணும். அதுல ஒரு பொய் வந்தா, மத்தது எல்லாத்தையும் யாரும் நம்ப மாட்டாங்க." வெட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார். "வெட்டுன மண்ணை எங்க கொட்டுனீங்க?"

காட்டினேன். வரப்போரமாக நான்கு குவியல். கருப்பு, செம்மண், சாம்பல், பழுப்பு.

அவர் எழுந்து நின்றார். "ஏண்ணே தனித்தனியா இருக்கு?"

"கலந்து கொட்டுவாங்களா மேடம்? ஏரிக்கரைக்குக் களிமண்ணு தனி, மணலு தனி, சவுடு தனி. கலந்து கொட்டுனா கர நிக்காது. கை அதுவா பிரிச்சுப் போட்டுடும்."

"எது முதல்ல வெட்டுனது?"

"இந்தக் கோடில கருப்பு மொதல்ல. அந்தக் கோடில பழுப்பு கடசி."

மேடம் குவியல்களை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இரண்டு தடவை நடந்து பார்த்தார். "நின்ன சுவரைத் தரையில படுக்க வச்சிருக்கீங்க" என்றார். பாராட்டுகிறாரா, இன்னும் திட்ட ஆரம்பிக்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் மூன்று பேரும் அந்த நான்கு குவியலையும் சலித்தோம். நான் அள்ளிப் போட்டேன், அவள் சல்லடையை ஆட்டினாள், மேடம் குனிந்து பொறுக்கினார். கருப்பில் சோடா மூடி. செம்மண்ணில் ஓட்டாஞ்சில்லு. சாம்பலில் கருகிய நெல் உமி ஒரு கை. பழுப்பில் அவள், "மேடம், இத்தப் பாருங்க" என்று ஒரு பாதிச் செங்கல்லைத் தூக்கிக் காட்டினாள். 'டங்' என்றது அதுதான். மண்ணைத் தட்டிவிட்டால், மேல்பக்கத்தில் இரண்டு குழி. நாயின் பாதம். இன்னொரு நாய் வந்து மோந்து பார்க்கும்போல அத்தனை தெளிவு.

"ஈரக் கல்லு மேல நாய் ஓடியிருக்குது" என்றாள் அவள். "கல் அறுக்கறவன் பின்னாடியே கத்திக்கினு ஓடியிருப்பான்."

மேடம் அந்தச் செங்கல்லின் உடைந்த பக்கத்தைப் பார்த்தார். புதிதாக உடைந்த சிவப்பு. உடைத்த பாவியைப் பார்த்தார். ஓடிப்போய், மிச்சமிருந்த மூன்றடிச் சுவருக்கு முன்னால் மண்டியிட்டு, சாம்பல் கோட்டுக்குக் கீழே பிரஷ்ஷால் தட்டினார். அங்கே மற்றப் பாதி, மண்ணுக்குள் மல்லாந்து கிடந்தது. அதில் இன்னொரு பாதம். அதை ஒட்டி இன்னொரு செங்கல், அதை ஒட்டி இன்னொன்று, இடையில் சுண்ணாம்பு. வரிசையாகத் தோண்டாத நிலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் அன்றைக்குப் பசி எடுக்காமல் இருந்திருந்தால் அதையும் வெட்டிப் பிரித்து, அழகாகப் பெருக்கி வைத்திருப்பேன். என் சோம்பேறித்தனத்தால் ஒரு நல்ல காரியம் நடந்தது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலம் வரை மேடம் அந்த மூன்றடியைப் படம் வரைந்தார். நான் நூலைப் பிடித்துக்கொண்டு மூச்சுகூடப் பார்த்து விட்டேன்.

திங்கட்கிழமை பெரிய அதிகாரி வந்தார். தொப்பி, கூலிங் கிளாஸ், ஷூவில் ஒரு பொட்டு மண் கிடையாது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இல்லாததைப் பார்த்தார்.

"யார் வெட்டினது?"

கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் தூக்காத கை.

"எதுக்கு?"

"அளந்துட்டாங்க சார். ஏரி வேலைல அளந்துட்டா வெட்டிடுவோம் சார்."

அவர் கூலிங் கிளாஸைக் கழற்றி என்னைப் பார்த்தார். அப்புறம் மேடத்தைப் பார்த்து, "இதைத் தொடக் கூடாதுன்னு இந்த ஆளுக்கு யாரும் சொல்லலையா?" என்றார்.

"எல்லாருக்கும் சொன்னேன் சார். அன்னைக்கு இவர் இல்லை. வந்தப்புறம் தனியா சொல்லாம விட்டது என் தப்பு. அப்படியே நோட்டுல எழுதியிருக்கேன்" என்றார் மேடம்.

அதிகாரி நோட்டை வாங்கிப் படித்தார். குழியில் இறங்கினார். ஷூவெல்லாம் மண். பாதிச் செங்கல்லைக் கேட்டு வாங்கி, சுவரில் இருந்த பாதியோடு பொருத்தினார். வெண்டைக்காயை ஒடித்து மறுபடி ஒட்டவைத்த மாதிரி அச்சாக உட்கார்ந்தது. ரொம்ப நேரம் குந்தியே இருந்தார். பெண்கள் சல்லடையை நிறுத்திவிட்டார்கள். மேடம் கையில் பென்சிலைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"கொட்டின கல்லு இப்படி வரிசையாப் படுக்காது" என்றார் கடைசியில். "இது வீட்டுத் தரைதான்மா. மூட வேண்டாம். அந்தப் பக்கம் இன்னொரு குழி போடுங்க. எங்க போய் முடியுதுன்னு பாருங்க."

மேடம் "சரி சார்" என்று மட்டும் சொன்னார். ஆனால் பென்சில் இரண்டாக ஒடிந்து கீழே விழுந்தது. என் பெண்சாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஏறி மேலே வந்த பெரிய அதிகாரி, வண்டியில் ஏறப் போனவர் திரும்பி, கையை என் பக்கம் நீட்டினார். "சரி, இந்த ஆள் இன்னமும் உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். மேடம் என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு, அவரிடம் என்ன சொன்னார் என்றால்...

"யோவ்! ஒக்காந்துக்கினு இன்னாய்யா கிறுக்கற? புதுக் குழில தரையோட ஓரம் வந்துடுச்சாம். நூலு புடிக்க ஒன்னத்தான் தேடறாங்க மேடம். எழுந்து வாய்யா!" சல்லடையும் கையுமாக என் பெண்சாதி.