ஆலப்பாக்கத்தில் இறக்கிவிட்டது யாரை

எனக்குக் கோபம் ஜாஸ்தி. அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா முதுநகரில் மீன் எடுத்துச் சிதம்பரத்தில் கொண்டுபோய் விற்பாள். கூடைக்கு அடியில் கோணியை மடித்துப் போட்டு, பஸ்ஸின் பின்படிக்கட்டு ஓரமாக நிற்க வேண்டும். மீன்காரிக்கு சீட் கிடையாது. அன்று கோணியையும் மீறித் தண்ணீர் ஒழுகியது. கண்டக்டர் ஆலப்பாக்கத்தில் விசில் ஊதி, எங்களையும் கூடையையும் இறக்கிவிட்டான். பஸ்ஸில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மீன்தண்ணீரில் நனைந்த துணி கணுக்காலில் ஒட்ட, வெயிலில் தெருத்தெருவாக மீன் கூவிக்கொண்டு போன அம்மா பின்னால் நடந்தேன். யார் அதட்டினாலும் திருப்பி அதட்டுகிறவனாக நான் ஆனது அன்றுதான்.

போன மாதம் செம்மண்டலத்தில் அக்கா வீட்டில் சாப்பிடும்போதும் இதை ஆரம்பித்தேன். அக்கா மகளுக்கு முதல் வேலை கிடைத்திருந்தது. எவனுக்கும் பணிந்து போகாதே என்று சொல்லத்தான். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"நீ அந்த பஸ்லயே இல்லடா."

"கால்ல ஈரம் ஒட்டுனது இன்னும் தெரியுதுக்கா."

"எங்க ஒட்டுச்சு?"

"கணுக்கால்ல."

"நீ போட்டிருந்தது டவுசரு. முட்டிக்குக் கீழ துணியே கிடையாது. கணுக்கால்ல எதுடா ஒட்டும்? அது என் பாவாடை."

அக்கா புருஷன் சிரித்துவிட்டார். "மச்சான் பாவாடை வேற கட்டுனாப்லயா?" நான் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை.

"கூடை புடிக்க என்னத்தான பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்துனாங்க. நீ படிச்ச, வேலைக்குப் போன. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணு. அதையும் எடுத்துக்கினியா?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கேட்டேன்.

"யாரு வந்தீங்களோ. கூடையில நெத்திலி. நாறிப்போச்சு," என்றாள்.

அப்படியானால் அன்று நான் எங்கே இருந்தேன்? யோசித்ததில் ஒன்று வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்டிய வீட்டு முன்னால் பசியோடு உட்கார்ந்திருந்தேன். இருட்டும் நேரத்தில் இருவரும் வந்தார்கள். எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று கத்தினேன். அக்கா மீன்தண்ணீர் காய்ந்த பாவாடையோடு அடுப்பைப் பற்றவைத்தாள். பஸ்ஸில் நடந்ததை அவள் சொல்ல, நான் சோறு தின்றுகொண்டே கேட்டேன். இதையெல்லாம் நான் மறைத்து வைக்கவில்லை. நினைவிலேயே இல்லை. இப்போது வந்ததும் சரிதானா என்று சந்தேகம். அக்காவிடமே கேட்டேன்.

"ம். கத்துன," என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சிதம்பரம் திரும்பும்போது பஸ் ஆலப்பாக்கத்தில் நின்றது. வழக்கம்போல என் கை கம்பியை இறுக்கிப் பிடித்தது. நாற்பது வருடமாக இதே ஊரில் இதே கோபம். நடந்தது எனக்கில்லை என்று தெரிந்த பிறகும் வருகிறது. இதை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் ஆள் யார் என்று எனக்குத் தெரியாது.

அக்கா மகளுக்குப் போன் போட்டேன்.

"அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க மாமா," என்றாள்.

"பரவால்ல, நானும் சொல்றேன், கேளு."

முதலிலிருந்து சொன்னேன், என் இடத்தில் அக்காவை வைத்து. அதில் நான் வரும் இடம் கடைசியில்தான். பசிக்குது என்று கத்துகிறேன்.