எட்டாத காது

எனக்குக் கை குட்டை, தலை பெரிசு. அந்த ஒரு குற்றத்துக்காக என் தம்பி எனக்கு மூத்தவனாகிப் போனான்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, புதூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பள்ளியில் சேர்க்க அம்மா எங்கள் இருவரையும் ஒரே நாளில் கூட்டிப் போனாள். எனக்கு ஆறு வயது, தம்பிக்கு நாலரை. பிறப்புச் சான்றிதழெல்லாம் ஊரில் யாரிடமும் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் தலைமை ஆசிரியர். தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் பிறந்தநாளாக எழுதிவிடுவார். தம்பி தொட்டதோடு நில்லாமல் காதைத் திருகியும் காட்டினான். என் விரல் நடு மண்டையோடு நின்றுவிட்டது.

"சார், இவன்லா மூத்தவன்! சின்னவன் பொறக்கும்போது இவன் நடந்து திரிஞ்சான்," என்றாள் அம்மா.

"பெத்தவ ஆயிரம் சொல்லுவ. காது எட்டலையே! அடுத்த வருசம் கூட்டிட்டு வா."

அடுத்த வருடம் எட்டியது. ஏழு வயதுக்காரனுக்கு ஐந்து என்று எழுதினார் அந்தப் புண்ணியவான். தாளில் நான் தம்பிக்கு ஒரு வயது இளையவன். அன்றிலிருந்து அவன் என்னை "ஏலே தம்பி" என்றுதான் கூப்பிட்டான். அம்மா விளக்குமாற்றைத் தூக்கினால், "சார்கிட்டப் போய்க் கேளு" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவனுக்குப் பட்டாளக் கிறுக்கு. மழை பெய்தால் கரிசல் மண் காலில் கனமாக அப்பும்; அதோடேயே கண்மாய்க் கரையில் ஓடுவான். "பட்டாளத்துக்குன்னே பொறந்த பய" என்று ஊரே சொல்லும். என்னைச் "சோத்துக்குன்னே பொறந்தவன்" என்பார்கள். அதுவும் உண்மைதான்.

ஒரு செப்டம்பரில் தூத்துக்குடியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். துணைக்கு நானும் பேர் கொடுத்துப் போனேன். வயது வரம்பு இருபத்தொன்று. வாசலில் அவன் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தவர், "மூணு மாசம் தாண்டிருச்சு, போ" என்றார். உண்மையில் அவனுக்கு இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது. இருபத்திரண்டு முடிந்த என்னைப் பார்த்து, "நீ உள்ள வா" என்றார்.

"சார், இவன் என் அண்ணன் சார்! நான்தான் சின்னவன்!" என்று கதறினான், அத்தனை வருடம் என்னைத் தம்பியாக்கி வைத்திருந்தவன்.

அவர் இரண்டு சான்றிதழையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். அவன் பார்க்கவில்லை. குனிந்து, தன் கான்வாஸ் ஷூவைக் கழற்றி என் காலில் மாட்டிவிட்டான்.

"எனக்காக ஓடு," என்றான்.

மைதானத்தை நாலு சுற்று. இரண்டாவது சுற்றிலேயே எனக்கு நுரை தள்ளியது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவன் வெறுங்காலோடு என் கூடவே ஓடிக்கொண்டிருந்தான். மூன்றாவது சுற்றில் நான் வேலியோரமாக விழுந்தேன். அவன் நிற்கவில்லை. நாலு சுற்றையும் முடித்தான், உள்ளே ஓடியவர்களில் முதல் ஆளுக்கும் முன்னால். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

திரும்பி என்னிடம் வந்தான். வேலிக்கு மேலாக அந்த நீளக் கையை நீட்டினான்.

"எந்திரி அண்ணே," என்றான். "வீட்டுக்குப் போவோம்."