கைப்பட்டைக்குத் தடை

மருத்துவக் கருவி எதுவானாலும் அவள் மேசையைத் தாண்டித்தான் கடைக்குப் போக முடியும். அரசு சோதனைக்கூடத்தில் அவளுக்கு அந்த வேலை. வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். தம்பி முடிதிருத்துபவன், ஆனால் வலிப்புக்காரன். எந்த நேரத்தில் இழுக்குமோ என்று அவனிடம் சவரக்கத்தி கொடுக்க யாரும் துணியவில்லை.

ஒரு சின்ன நிறுவனம் பரீட்சார்த்தமாகக் கொடுத்த கைப்பட்டையால்தான் அவன் தலையெடுத்தான். வலிப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்பே அது மணிக்கட்டில் அதிரும். கத்தியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். "கத்திதான் என் கையில, உத்தரவு எல்லாம் இவரோடது" என்று பட்டையைக் காட்டி வாடிக்கையாளர்களைச் சிரிக்கவைப்பான்.

அதே பட்டை ஒருநாள் அவள் மேசைக்கு வந்தது. எங்கோ அதைக் கட்டியிருந்த ஒரு சிறுமியின் கை வெந்துபோயிருந்தது.

"என் தம்பியும் இதைத்தான் போட்டிருக்கான் சார். வேற யாராவது பாக்கட்டும்."

"வேற ஆளுக்கு நான் எங்கம்மா போவேன்? சூடாகுதா இல்லையான்னு சொல்லு, போதும்" என்றார் மேலதிகாரி.

சூடானது. நம்பாமல் மறுபடி பார்த்தாள். ரப்பர் கொப்பளித்தது. கண்டதை எழுதிக் கொடுத்தாள். தடை வந்தது, நிறுவனம் தொலைவிலிருந்தே நிறுத்த, ஊரெங்கும் பட்டைகள் அணைந்தன.

"பேட்டரியை மாத்திட்டா சரியாயிடும்தானே?" என்று தம்பி கேட்டான்.

"ஆயிடும். ஆனா முதல்லேருந்து சோதிக்கணும்."

"என்னோடது சுட்டதே இல்லக்கா. சுட்டாலும் பரவால்லங்கறேன்."

"அந்தப் பொண்ணோடதும் அதுவரைக்கும் சுட்டதில்லடா."

"எல்லாரும் சரியாத்தான் பேசறீங்க" என்று அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

நிறுவனம் பேட்டரியை மாற்றி மறுபடி விண்ணப்பித்தது. வரிசை நீளம். கொஞ்சம் முன்னால் எடுத்துக்கொள்ளலாமா என்று மேலதிகாரியிடம் வாய்விட்டுக் கேட்டேவிட்டாள்.

"தம்பிக்காகவா?" என்றார் அவர். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் விண்ணப்பத்தை வரிசையில் அதன் இடத்திலேயே திருப்பி வைத்தாள்.

முறை வருவதற்குள் நிறுவனம் மூச்சு முட்டி மூடிக்கொண்டது.

பட்டை இல்லாமலே தம்பி கடைக்குப் போனான். ஒரு பிற்பகல், கத்தரிக்கோலோடு சரிந்தான். நாற்காலியில் இருந்தவரின் காது கிழிந்தது. கடைக்காரர் நல்லவர், சத்தம் போடவில்லை. அவனுடைய சீப்பையும் கத்தரிக்கோலையும் துணியில் சுற்றி அக்காவிடம் கொடுத்து, "மனசுல வெச்சுக்காதம்மா" என்றார்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, "குளிக்கப் போனா தாழ்ப்பாள் போடாதேடா" என்றாள்.

"சரிக்கா."

மேசையில் வேறொரு கருவி காத்திருந்தது. கைப்பேசியைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, கருவியின் உறையைப் பிரித்தாள்.