அம்மனுக்குப் பச்சை இலையில் கட்டிய கூடை

மகள் கணக்குப் பாடத்தில் தேறினால் என் கையால் கட்டிய கூடையில் அர்ச்சனை கொண்டு வருகிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டியிருந்தேன். பிள்ளை தேறிவிட்டாள். எனக்குத்தான் கூடை கட்டத் தெரியாது.

நல்ல காலம், ஹாலிஎல டவுனில் பைனஸ் மரத்து இலையில் கூடை செய்யும் வகுப்பு நடந்தது. ஊசி ஊசியான அந்த இலையைக் கத்தையாகப் பிடித்து, வட்டமாகச் சுற்றிச் சுற்றி நூலால் தைக்க வேண்டும். "காய்ஞ்சு விழுந்து கெடக்கிறத மட்டும் பொறுக்குங்க" என்று டீச்சர் மூன்று தடவை சொன்னார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. கீழே விழுந்த பூவையே சாமிக்குப் போடுவதில்லை. மாடும் மனிதரும் மிதித்த இலையிலா அம்மனுக்குக் கூடை? குளித்துவிட்டு, வீட்டுக்காரரைத் தொரட்டியோடு பைனஸ் காட்டுக்குக் கூட்டிப்போனேன்.

"கீழ மெத்த மாதிரி கெடக்கு. என்னைய ஏன் புள்ள அண்ணாந்து பாக்க வைக்கிற?"

"பேசாம பறிங்க. சாமி காரியம்."

"கழுத்து என்னோடதாச்சே!"

பச்சை இலை சொன்னபடி வளைந்தது. பத்து நாளில் கூடை எழும்பிவிட்டது. லயத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, அம்மன் மன்னிக்கட்டும். திருவிழா வரை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன்.

திருவிழாவன்று அதை இறக்கி, வாழையிலை விரித்துத் தேங்காய், பழம், பூ வைத்தேன்.

"என்னமோ தொளதொளன்னு இருக்கே புள்ள" என்றார் அவர்.

"நல்ல நாளும் அதுவுமா வாய வைக்காதீங்க."

கோயிலில் பூசாரியிடம் பயபக்தியோடு நீட்டினேன். பச்சை இலை காய்ந்து சுருங்கி, தையலெல்லாம் தளர்ந்திருந்தது போல. அடி திறந்துகொண்டது. தேங்காய் பூசாரியின் காலடியில் விழுந்து பிளந்தது. மேளம்கூட நின்றுவிட்டது.

எனக்குக் கண்ணீர் முட்டியது. "ஐயா, அம்மா ஏத்துக்கலையா?"

அவர் குனிந்து பார்த்தார். "சரி பாதியா ஒடைஞ்சிருக்கு. நான் ஒடைச்சாகூட இப்பிடி வராது. ஏத்துக்கிட்டாதான்." பிறகு கூடையைத் தூக்கி, அதன் அடி வழியாக என்னைப் பார்த்தார். "பச்ச எலயிலயா கட்டினீங்க?"

காரணத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, பவளமல்லிய மரத்துலயா பறிக்கிறோம்? விழுந்ததப் பொறுக்கித்தான சாமிக்குச் சாத்துறோம்?"

பின்னால் நின்ற வீட்டுக்காரர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா சாமி?"

பூசாரி சொல்லியும் என் மனம் ஆறவில்லை. உதிர்ந்த இலையைப் பொறுக்கி இன்னொன்று கட்டி, அடுத்த மாதம் கொண்டுபோனேன். உறுதியான கூடைதான். ஆனாலும் பூசாரி ஒரு கையை அடியில் கொடுத்துத்தான் வாங்கினார்.