மந்தாரம் போட்டிருக்கு, வாரியா?

வயிற்றுப்பாட்டுக்கு நான் கல்யாண போட்டோகிராபர். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. மாப்பிள்ளை முகத்தில் இல்லாத சிவப்பை ஏற்றுவது, மேடைப் பூக்களை இன்னும் கொஞ்சம் ஊதாவாக்குவது, ஆல்பத்து அட்டையில் வானத்தை மாற்றி ஒட்டுவது, இதுதான் தொழில். கலரை அள்ளிக் கொட்டாவிட்டால் பெண் வீட்டார் ஆல்பத்தைக் கையில் வாங்க மாட்டார்கள். அப்படிப்பட்டவன் வெயில் இல்லாத நாளாகப் பார்த்துக் காட்டுக்குப் போய், கறுப்பு வெள்ளையில் மரம் மரமாக எடுத்துவருவதைத் தெரிந்தவர்கள் ஒருமாதிரியாகத்தான் பார்த்தார்கள். "மரத்துக்கு என்ன அண்ணாச்சி, அறுபதாம் கல்யாணமா?" என்று எதிர்க்கடைக்காரர் கேட்பார். கலை என்று சொல்லிச் சமாளிப்பேன். கலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் அக்காவுக்காக எடுத்தேன்.

அக்காவுக்குப் பிறவியிலேயே நிறம் தெரியாது. ஒன்றிரண்டு நிறம் இல்லை, எந்த நிறமும் தெரியாது. போதாக்குறைக்கு வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. வெயில் கூசுவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குடையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கண்ணை இடுக்கியபடிதான் பள்ளிக்கூடம் போவாள். நிறம் தெரியாத விஷயம்தான் யாருக்கும் தெரியவில்லை. இலை பச்சை, ரத்தம் சிவப்பு, பூசணிப்பூ மஞ்சள் என்று வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். கேட்டால் டக்கென்று சொல்வாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு கண் டாக்டர்தான் கண்டுபிடித்தார். மருந்து கிடையாது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அக்கா அதிர்ச்சி அடையவில்லை. "எனக்கு முதல்லயே தெரியும் டாக்டர், இவங்களுக்குத்தான் தெரியாது" என்றாளாம். கூடப் போன அத்தான்தான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அவளைக் கட்டிக்கொடுத்தது விக்கிரமசிங்கபுரத்தில். மொட்டை மாடியில் ஏறினால் எதிரே மலை. வெயில் நாளில் அந்த மலை அவளுக்கு வெறும் வெளிச்சம், வேறொன்றும் இல்லை. மேகம் மூடினால்தான் கண் திறக்கும். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் வானம் மூடிக் கிடக்கிற நாளை எங்கள் பக்கம் மந்தாரம் என்போம். மற்றவர்களுக்கு மந்தாரம் என்றால் துணி காயாது, வத்தல் காயாது, சலிப்போடுதான் அந்தச் சொல் வாயில் வரும். அக்கா அதைத் தேரோட்டத்துக்குக் கூப்பிடுவது போலச் சொல்வாள். விடிந்ததும் விடியாததுமாக போன் வரும்.

"ஏலே, இங்கன மந்தாரம் போட்டிருக்கு, வாரியா?"

முகூர்த்தம் இல்லாத நாளாக இருந்தால் ஸ்டுடியோவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவேன். சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பை என்று வழி நெடுக வானத்தைத்தான் பார்த்துக்கொண்டு போவேன். மேகம் கலைந்துவிடக் கூடாதே என்று இருக்கும். அக்கா தூக்குவாளியில் புளியோதரையோடு பாபநாசத்தில் காத்திருப்பாள். அங்கிருந்து காரையாறு பஸ். மலை ஏற ஏறக் காடு நெருங்கி வரும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் முதலில் செய்கிற காரியம், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போடுவது. கண்ணை இடுக்காத அக்காவின் முகம் எவ்வளவு அழகு என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

எனக்கு அந்தக் காடு முழுக்கப் பச்சைதான். அவளோ ஒவ்வொரு மரத்தையும் ஆளைப் பார்ப்பது போல ஏற இறங்கப் பார்ப்பாள். "அந்த மருத மரம் பாரு, வெளுத்துக் கெடக்கு. இங்கன நிக்குத இது அழுத்தமா இருக்கு" என்பாள். நிறம் தெரிந்த கண்ணுக்கு அந்த வித்தியாசம் லேசில் பிடிபடாது. ஒருமுறை ஆற்றோரம் நின்ற நாங்கு மரத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"அய்யய்யோ, இந்த மரம் உச்சியெல்லாம் கருகிப் போச்சே! இடி விழுந்துட்டுதாலே?"

நிமிர்ந்து பார்த்தேன். நாங்கு கொழுந்து விட்டிருந்தது. மரம் கொள்ளாமல் சிவப்பு. அக்காவின் கண்ணுக்குச் சிவப்பெல்லாம் கறுப்பு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. "கருகல அக்கா, துளுத்திருக்கு" என்றேன். அவள் அதன் அடியில் போய், தாழ்ந்த கொப்பு ஒன்றை இழுத்து, கொழுந்தைத் தடவிப் பார்த்து, "ஆமாலே, பச்சப் பிள்ளக் காது மாதிரில்லா இருக்கு" என்றாள்.

அந்த மரத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையாக்கி, பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். எதையும் மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துத்தான் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "இது தப்பு" என்றாள். மெஷினுக்குச் சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். கொழுந்தும் முற்றல் இலையும் படத்தில் ஒன்றாகிப் போயிருந்தன. சிவப்பை மட்டும் இறக்கி மறுபடி கொடுத்தேன். "இன்னும் கறுப்பு" என்றாள். இன்னும் இறக்கினேன். "அந்தப் பின்னால உள்ள பச்சைய கொஞ்சம் வெளுக்க வையி." வெளுத்தேன். இப்படி எத்தனை பிரிண்ட் போனதோ. கடைசியில் ஒன்றைப் பார்த்துச் சிரித்தாள்.

"இப்ப சரி."

கூடப் பிறந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அக்கா உலகத்தை எப்படிப் பார்க்கிறாள் என்று அந்தப் படத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்தப் படமானாலும் "இப்ப சரி" வாங்காமல் விட்டதில்லை. கல்யாண ஆல்பத்துக்கு எத்தனையோ பேர் கைகொடுத்துப் பாராட்டியிருக்கிறார்கள். இந்த இரண்டு சொல்லுக்கு முன்னால் அதெல்லாம் தூசு.

ஒரு மந்தார நாளில் ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று சிரித்தாள்.

"கல்யாணத்தன்னைக்கு எனக்குக் கறுப்புச் சேலைய கட்டிவிட்டிய, தெரியுமாலே?"

"கறுப்பா? அரக்குல்லா எடுத்தோம்?"

"நீங்க அரக்குன்னிய. நானும் அரக்குன்னுதான் சொன்னேன். கண்ணு கறுப்புன்னுல்லா சொல்லுது. நல்ல காரியத்துக்கு ஆகாததை உடுத்திக்கிட்டு உக்காந்திருக்கோமேன்னு தாலி கட்டுத வரைக்கும் அழுதேன். வீட்ட விட்டுப் போறதுக்கு அழுதேன்னு நெனச்சு அம்மையும் சேந்து அழுதா."

"சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா? பொண்ணுக்குக் கண்ணு சரியில்லன்னு கல்யாணமே நின்னிருக்கும்." கை கழுவிவிட்டு வந்தவள், விளையாட்டாகத்தான் சொன்னாள்: "நாளைக்கு நான் செத்து, என்னைய எடுக்கும்போதும் அதையேதான் போத்துவிய. சுமங்கலின்னா அரக்குதானே. அன்னைக்காவது பாத்துப் போடுலே தம்பி."

"பேசாம இரு அக்கா" என்று அதட்டினேன். அவள் அதற்கும் சிரித்தாள்.

சித்திரை மாதம் அவள் போய்விட்டாள். காலையில் காப்பி போட்டு அத்தானுக்குக் கொடுத்தவள், நெஞ்சு ஒருமாதிரி இருக்கிறது என்று படுத்தாள், அவ்வளவுதான். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். ஒரு துண்டு மேகம் இல்லை. எனக்கு வானத்தின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இன்றைக்குக்கூட மூடக் கூடாதா என்று இருந்தது.

எங்கள் பக்கம் பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தித்தான் எடுப்பார்கள். அம்மையும் அப்பாவும் இல்லை. அந்தச் சேலையை எடுக்க வேண்டியவன் நான்தான். அம்பையில் இறங்கி ஒரு ஜவுளிக்கடைக்குள் போனேன். "என்ன விசேஷம் அண்ணாச்சி?" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறந்த வீட்டுக் கோடி என்றதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "சுமங்கலியா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அரக்கில் நாலைந்தை எடுத்துப் போட்டார்.

"அரக்கு வேண்டாம்."

"அரக்குதானே வழக்கம்? சரி, பச்ச காட்டட்டா?"

எல்லாவற்றையும் காட்டச் சொன்னேன். பச்சை, மஞ்சள், நீலம், மாம்பழக் கலர் என்று விரித்துக்கொண்டே போனார். எது நல்ல நிறம் என்று எனக்குத் தெரியும், அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். அக்காவுக்கு எது என்றுதான் தெரியவில்லை. போனை எடுத்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்தேன். கறுப்பு வெள்ளையாக்கி, சிவப்பை அடி வரைக்கும் இறக்கிப் பார்த்தேன். இரண்டு மூன்று படம் கலங்கிப்போக, மறுபடி எடுத்தேன்.

"வீட்டுக்கு அனுப்பிக் கேக்குதியளா?" என்றார் கடைக்காரர்.

"எங்க அக்காவுக்குப் பிடிக்குமான்னு பாக்குதேன்."

"கேட்டே எடுங்க. நிதானமாப் பாருங்க" என்று நகர்ந்து போனார். அவர் அந்தப் பக்கம் போனதும் அழுதேன்.

அரக்குச் சேலை போனில் கரியாகக் கிடந்தது. பச்சை மங்கல். இளநீலத்தில் வெள்ளிச் சரிகை போட்ட ஒன்று மட்டும் மந்தார வானம் மாதிரி வெளுத்து, சரிகை தனியாகத் தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் கூட்டத்துக்கு நடுவே பையைப் பிரித்ததும் பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "என்னலே இது, வெளிறிப்போன நீலத்த தூக்கிட்டு வந்திருக்க? பூவும் பொட்டுமாப் போறவளுக்கு அரக்கு போடணும்னு தெரியாதா? கடை அடைக்கல, ஓடிப் போய் மாத்திட்டு வா."

அந்தச் சந்தடியில் எதை விளக்க முடியும்? "ஒருக்கா அவளுக்குக் கறுப்பு உடுத்தி அனுப்பியாச்சு பெரியம்மா. போதும்" என்றேன். பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கத்தில் உளறுகிறான் என்று பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தான் எழுந்து வந்தார்.

"தம்பி கொண்டாந்ததையே போடுங்க" என்றார். "அவளுக்குத் தெரியுததைப் போடுங்க."

ஆற்றங்கரைக்குப் போகிற வழியெல்லாம் வெயில் கொளுத்தியது. மூடின கண்தான், இருந்தாலும் அவள் முகத்தில் வெயில் விழுவதை என்னால் பார்க்க முடியவில்லை. கையில் இருந்த துண்டை விரித்து நிழலாகப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

அப்புறம் காமிராவைக் கல்யாணத்துக்கு மட்டும் எடுத்தேன். ஆனி பிறந்து, ஒரு நாள் விடிகாலையில் போன் அடித்தது. அக்கா நம்பர். அத்தான் பேசினார்.

"தம்பி, இங்கன மந்தாரம் போட்டிருக்கு." "வாரேன் அத்தான்" என்றேன்.

இரண்டு பேரும் அதே பஸ்ஸில் ஏறிப் போனோம். தூக்குவாளி கிடையாது. ஆற்றோரத்து நாங்கு மறுபடியும் கொழுந்து விட்டிருந்தது. அத்தான் அண்ணாந்து பார்த்து, "செக்கச்செவேல்னு இருக்கு. அவ பாத்தா கருகிட்டும்பா" என்றார். ஒரே ஒரு படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அதைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். சிவப்பை இறக்கினேன். கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று ஏற்றினேன். பின்னால் இருந்த பச்சையை வெளுத்துப் பார்த்தேன், மறுபடி பழையபடி வைத்தேன். இத்தனை வருஷம் செய்த வேலை, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் படம் இன்னும் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. மந்தாரம் போட்ட நாட்களில் திறந்து, கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் ஏற்றிப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். "இப்ப சரி" என்று சொல்ல ஆள் இல்லாததால் இதுவரைக்கும் பிரிண்ட் போடவில்லை.